தங்கச்சி, காலி நேரத்துக்கு வாடகை கொடுக்காதே!

சென்னையில் பிலாட்டீஸ் பயிற்சி முடித்து, சான்றிதழோடு சிதம்பரம் பக்கத்துக் குமராட்சிக்குத் திரும்பியிருக்கும் என் சித்தப்பா பெண் முதலில் கேட்ட கேள்வி இது: "அக்கா, மெயின் ரோட்டுல ஒரு கடை காலியா இருக்கு. அட்வான்ஸ் குடுத்துடட்டுமா?" கொடுக்காதே என்றேன். ஏன் என்று அவளுக்குச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். பிலாட்டீஸ், யோகா, பிரசவத்துக்குப் பிந்தைய பயிற்சி, வயதானவர்களுக்கான பயிற்சி என்று எதுவாக இருந்தாலும் சரி. வாடகை இடத்தில் ஒரே ஆளாக நின்று, வருகிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க நினைக்கும் எல்லாத் தங்கச்சிகளுக்கும் இது உதவும்.

முதலில் கணக்கு

ஜிம் நடத்துகிறவருக்கு ஒரே மணி நேரத்தில் இருபது பேர் வருவார்கள். வாடகையை இருபது பேரும் சேர்ந்து சுமப்பார்கள். உன் வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு ஒருத்தர்தான். அந்த ஒருத்தர் கொடுக்கும் பணத்தில்தான் வாடகை, கரண்ட், பெருக்கித் துடைக்கிற அம்மாவின் சம்பளம், உன் சாப்பாடு எல்லாம். அதனால் வாடகையை மாதக் கணக்கில் பார்க்காதே, மணிக் கணக்கில் பார்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. இடத்துக்கு மாதம் 6,000 வாடகை, கரண்ட்டும் சுத்தம் செய்வதும் சேர்த்து 2,000, மொத்தம் 8,000 ரூபாய். ஒரு வகுப்புக்கு 250 ரூபாய் வாங்குகிறாய். மாதத்தில் முதல் 32 வகுப்பு உனக்கு இல்லை, இடச் செலவுக்குத்தான். ஆரம்பத்தில் மாதம் 50 வகுப்பு நடந்தாலே பெரிய விஷயம். அப்படி நடந்தால் வரவு 12,500. செலவு போக உன் கையில் நிற்பது 4,500 ரூபாய்.

அதே 50 வகுப்பை, மணிக்கு 60 ரூபாய் கொடுத்து யாரோ ஒருவருடைய ஹாலில் நடத்தினால் இடச் செலவு 3,000. கையில் 9,500. இரண்டுக்கும் நடுவே எந்த இடத்தில் கணக்கு திரும்புகிறது என்றும் பார்த்துக்கொள்: 8,000-ஐ 60-ஆல் வகுத்தால் 133 வருகிறது. மாதம் 133 வகுப்புக்கு மேல் போகும்போதுதான் மாத வாடகை உனக்கு லாபம். மாதத்தில் 24 நாள் வேலை செய்தால் தினம் ஐந்தரை வகுப்பு. குரல் கொடுத்து, குனிந்து நிமிர்ந்து, கூடவே செய்து காட்டி, தினம் ஐந்தரை வகுப்பு எடுக்க உன் உடம்பு தாங்குமா என்பது வேறு கேள்வி. உன் ஊர் வாடகையைப் போட்டு இந்தக் கணக்கை நீயே ஒரு தாளில் எழுதிப் பார். அதன் பிறகு கடை பார்க்கலாம்.

மணிக்கணக்கில் இடம் எங்கே கிடைக்கும்?

நிறைய இருக்கிறது, கேட்பதற்குத்தான் நமக்குக் கூச்சம். சிதம்பரத்தில் பரதநாட்டிய வகுப்பு நடக்கிற வீடுகள், ஹால்கள் எத்தனை! பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு, மாலை ஐந்து மணிக்கு மேல்தான் அங்கே சலங்கைச் சத்தம். காலை முழுக்க ஹால் சும்மா கிடக்கும். சுவரில் பெரிய கண்ணாடி, வழுவழுப்பில்லாத தரை, மின்விசிறி, செருப்பு விடும் இடம் என்று உனக்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே தயார். குமராட்சியிலோ காட்டுமன்னார்கோவில் பக்கமோ என்றால் டியூஷன் சென்டரைக் கேள். அதுவும் காலையில் காலிதான். பெஞ்சை ஓரமாக நகர்த்த இடமிருந்தால் போதும்.

உன்னிடம் வரப்போகிறவர்களுக்குத் தோதான நேரமும் அதுதான். பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றி, கணவருக்கு டிபன் கட்டி அனுப்பி, சமையலை முடித்துவிட்டு ஒரு பெண் மூச்சு விடுகிற நேரம் பத்தரை முதல் பன்னிரண்டரை வரை. நாட்டிய வகுப்புக்கு ஹால் தேவைப்படாத நேரமும் உன் ஆட்களுக்கு ஓய்வு கிடைக்கிற நேரமும் ஒன்றாக அமைவது அதிர்ஷ்டம். அதை விட்டுவிட்டு மெயின் ரோட்டில் ஷட்டர் கடை தேடாதே.

நாட்டிய ஹாலில் வகுப்பு எடுப்பதில் குறைச்சல் எதுவும் இல்லை. இந்தப் பயிற்சியை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இருந்ததால் எதிரி நாட்டு ஆள் என்று பிடித்து, மான் தீவு முகாமில் அடைத்து வைத்தார்கள். அங்கே கூட இருந்தவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தவர், 1926-ல் நியூயார்க் போய் துணைவி கிளாராவோடு எட்டாவது அவென்யூவில் ஓர் இடம் பிடித்தார். அக்கம்பக்கமெல்லாம் நடன ஒத்திகைக் கூடங்கள். அடிபட்ட நடனக்காரர்கள் பலர் அவரிடம் வந்தார்கள். ஆக, நாட்டிய ஹாலோடு பிலாட்டீஸுக்கு இருக்கிற உறவு இன்று நேற்று வந்ததில்லை. கோயில் கோபுர வாசலில் 108 நாட்டியக் கரணங்களையும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிற ஊர் சிதம்பரம். 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி விழா நடக்கிறது. அரைமண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி வலிக்கிறது என்று சொல்கிற நாட்டிய மாணவிகள் உன் முதல் வாடிக்கையாளர்களாக இருக்கலாம். ஹால் கொடுக்கிற டீச்சரே ஆளையும் அனுப்புவார்.

நம்ம ஊர் உதாரணமும் உண்டு. யோகா ஆசிரியர் தேசிகாச்சார் தன் தந்தை கிருஷ்ணமாச்சாரியாரின் பெயரில் சென்னையில் யோக மந்திரம் தொடங்கியது 1976-ல். கூட்டமாக நிற்க வைத்து எல்லாருக்கும் ஒரே ஆசனம் என்றில்லாமல், ஒருத்தருக்கு ஒருத்தர் என்று உட்கார்ந்து, அவரவர் உடம்புக்கும் வயசுக்கும் ஏற்ற மாதிரி சொல்லிக்கொடுப்பதைத்தான் அந்த இடம் தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களை இழுத்தது கருவிகள் இல்லை, தனிக் கவனிப்பு. நீ விற்பதும் அதைத்தான்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது

ஒரு பாயைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போ. ஹால் நடுவில் விரித்துப் படு. கூச்சப்படாதே, படுத்துப் பார்த்தால்தான் தெரியும். கண்ணுக்கு நேர் மேலே ட்யூப்லைட் அடிக்கிறதா? பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஜன்னல் வழியே பார்த்தால் நீ தெரிகிறாயா? இதில் இரண்டாவது கேள்வி முக்கியம். திரைச்சீலை போட முடியாத ஜன்னல் இருந்தால் அந்த இடமே வேண்டாம். காலைத் தூக்கிப் படுத்திருக்கும்போது ஜன்னலில் ஒரு சின்னப் பையன் தலை தெரிந்தால் போதும், அந்த அம்மா மறுநாள் வர மாட்டார். இன்னும் நாலு பேரிடமும் சொல்லுவார்.

அடுத்தது கழிவறை. நல்ல ஹால், கழிவறை மட்டும் பின்கட்டில் மாட்டுக் கொட்டகை தாண்டி என்றால் யோசி. பிரசவம் ஆன பெண்களில் பலருக்கு இருமினால், தும்மினால், குதித்தால் சிறுநீர் கசியும். யாரிடமும் சொல்ல மாட்டார்கள். வகுப்புக்கு முன்னும் பின்னும் கழிவறை தேவைப்படும். உடை மாற்ற ஒரு மறைப்பும் வேண்டும்.

தரைத்தளமா மாடியா என்று கேட்பாய். முட்டி வலிக்காக வருகிற அம்மாவை இருபது படி ஏறச் சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் நம் பக்கம் கொள்ளிடக் கரை, ஒரு பக்கம் வீராணம் ஏரி, நடுவே வயல். 2015 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த யாரும் தாழ்வான தரைத்தளத்தில் பொருள் வைக்க மாட்டார்கள். தெருவை விட நாலு படி உயர்ந்த தரைத்தளம் கிடைத்தால் அதுதான் சரி. சுவரின் அடிப்பக்கத்தில் பெயின்ட் உப்பி உதிர்ந்திருக்கிறதா என்று பார். அங்கே பாயைச் சுருட்டி வைத்தால் ஐப்பசியில் பூசணம் பிடிக்கும்.

பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று நடந்தே பார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணம் இல்லை. உன்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அதை நம்பித்தான் வருவார்கள். அதனால் வகுப்பு நேரத்தைக் கடிகாரம் பார்த்துப் போடாதே, பஸ் பார்த்துப் போடு. பத்து நாற்பதுக்கு பஸ் வந்து நிற்கிறது என்றால் வகுப்பு பத்தரைக்கு என்று போர்டில் எழுதி என்ன பிரயோஜனம்?

எழுத்தில் வாங்கு

மணிக்கணக்கு வாடகையாக இருந்தாலும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள். எந்தெந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு பணம், நவராத்திரிக்கோ அரங்கேற்ற ஒத்திகைக்கோ ஹால் அவர்களுக்குத் தேவைப்பட்டால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், மழையில் தண்ணீர் நின்று வகுப்பே நடக்காத நாட்களுக்குப் பணம் உண்டா இல்லையா. சொந்தக்காரராக இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும். சொந்தத்தில்தான் மனஸ்தாபம் சீக்கிரம் வரும்.

பின்னால் மாத வாடகைக்கு இடம் எடுக்கும்போது சட்டமும் தெரிந்திருக்கட்டும். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017-ஆம் வருடச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. சிதம்பரம் மாதிரி நகராட்சிப் பகுதியில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. "எல்லாரும் பத்து மாசம்தாம்மா குடுக்கறாங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால், இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிப் பேரம் பேசு.

ஈபி விஷயத்தில் ஏமாறாதே. வீட்டு இணைப்பில், அந்த 100 யூனிட் இலவசத்தையும் அனுபவித்துக்கொண்டு, தொழில் நடத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆய்வுக்கு வந்து பிடித்தால் மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு போடுவார்கள். இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் நோட்டீஸ் வரும். அதன் பிறகு உனக்கும் வீட்டுக்காரருக்கும் முகம் கொடுத்துப் பேச முடியாது. இடம் பார்க்கும்போதே, "சர்வீஸ் கமர்ஷியலா, வீட்டு இணைப்பா?" என்று கேட்டுவிடு.

கருவி ஆசை

ரிஃபார்மர் என்கிற அந்த ஸ்பிரிங் கட்டில் இல்லாமல் பிலாட்டீஸா என்று உனக்குத் தோன்றும். சென்னையில் அதில்தானே கற்றுக்கொண்டாய். எட்டடி நீளம், நகர்த்த இரண்டு ஆள், விலை லட்சக்கணக்கில், ஸ்பிரிங்கை அவ்வப்போது மாற்றவில்லை என்றால் ஆபத்து வேறு. மணிக்கணக்கு ஹாலில் அதை எங்கே வைப்பாய்? பிலாட்டீஸ் 1945-ல் எழுதிய புத்தகத்தில் இருக்கிற 34 பயிற்சிகளும் வெறும் பாயில் செய்கிறவைதான். எனவே இப்போதைக்குப் பாய் போதும்.

ஆனால் பாயில் கஞ்சத்தனம் வேண்டாம். யோகாவுக்கு விற்கிற மெல்லிய பாயில் முதுகெலும்பை உருட்டினால் ஒவ்வொரு எலும்பும் தரையில் இடிக்கும். பத்து மில்லிமீட்டருக்குக் குறையாத பாயாக வாங்கு. இரண்டு ரப்பர் பேண்ட், ஒன்று லேசானது, ஒன்று கொஞ்சம் இறுக்கமானது. ஒரு சின்னப் பந்து. கைப்பிடி இல்லாத, ஆடாத ஒரு மர நாற்காலி. நாலைந்து பழைய டர்க்கி டவல். அவ்வளவுதான். எடை வேண்டும் என்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. எல்லாம் ஒரு பையில் அடங்கி, ஸ்கூட்டியில் காலடியில் வைத்துக்கொண்டு போகிற அளவில் இருக்கட்டும்.

இதற்குக் கடன் வாங்காதே. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை உண்டு. பின்னால் பெரிதாகச் செய்யும்போது கடலூர் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் மானியத் திட்டங்களை விசாரித்துக்கொள்.

வருகிறவரின் உடம்பு

இதுதான் உன் தொழில். மற்றதெல்லாம் இதைச் சுற்றிய வேலை.

முதல் நாள் பயிற்சியே வேண்டாம். உட்கார வைத்துப் பேசு. பி.பி., சர்க்கரை, ஆபரேஷன், பிரசவம் சுகப்பிரசவமா சிசேரியனா, எத்தனை வருஷம் ஆச்சு, விழுந்து அடிபட்டது உண்டா, கால் மரத்துப்போகிறதா. எல்லாம் ஒரு நோட்டில் எழுது. பிறகு, தரையில் உட்கார்ந்து எழச் சொல். கையை எங்கே ஊன்றுகிறார், எந்தக் காலை முன்னால் வைக்கிறார், முகம் எந்த நேரத்தில் சுளிக்கிறது என்று பார். ஒரு வாளியில் பாதித் தண்ணீர் வைத்துத் தூக்கச் சொல். இடுப்பை மடித்துத் தூக்குகிறாரா, முதுகை வளைத்துத் தூக்குகிறாரா? இந்த இரண்டையும் பார்த்தாலே அடுத்த எட்டு வகுப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சென்னையில் நீ பார்த்த உடம்பு வேறு, இங்கே பார்க்கப்போகிறது வேறு. அங்கே நாற்காலியில் இறுகிப்போனவர்கள். குத்துக்காலிட்டு உட்கார முடியாது, தொடை பின்பக்கம் கம்பி மாதிரி இருக்கும். இங்கே நடவிலும் களையெடுப்பிலும் குனிந்தே வளர்ந்த பெண்களுக்கு வளைவதில் குறைவே இல்லை. ஐம்பத்தைந்து வயசு அம்மா உன்னைவிட நன்றாகக் குனிவார். அவருக்குக் குறைவது பிடிமானம். அடிவயிறு, இடுப்பின் பின்பக்கத் தசை, தோள்பட்டைக்கு நடுவே இருக்கும் தசை. அவருக்குப் போய் இன்னும் குனிகிற பயிற்சியைக் கொடுக்காதே. மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் மெல்ல உயர்த்துவது, நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது. இந்த மூன்றிலேயே ஒரு மாதம் ஓட்டலாம்.

ஆங்கிலத்தில் கற்றுக்கொண்ட கட்டளைகளை இங்கே அப்படியே சொன்னால் வேலைக்கு ஆகாது. இடுப்புத்தளத் தசையை இறுக்கு என்றால் யாருக்குப் புரியும்? "பாத்ரூம் அவசரமா வருது, பஸ்ல இருக்கீங்க, எப்படி அடக்குவீங்க?" என்று கேள். சிரித்துவிட்டுச் சரியாகச் செய்வார்கள். மூச்சுக்கு இன்னொரு வழி. பருத்தித் துண்டு ஒன்றை விலா எலும்பைச் சுற்றிக் கட்டி, முனைகளை முன்னால் குறுக்காக அவரையே பிடித்துக்கொள்ளச் சொல். மூச்சை இழுக்கும்போது துண்டு இரண்டு பக்கமும் இறுக வேண்டும், விடும்போது தளர வேண்டும். வயிற்றை உப்பாமல் விலாவை விரித்து மூச்சு இழுப்பது என்று நீ அரை மணி நேரம் விளக்குவதைத் துண்டு ஒரு நிமிஷத்தில் விளக்கிவிடும்.

சின்ன விஷயங்கள்தான் வகுப்பைக் கெடுக்கும். தலைக்குப் பின்னால் பெரிய க்ளிப் போட்டுக்கொண்டு வருவார்கள். படுத்ததும் அது மண்டையில் குத்தும், கழுத்தைத் திருப்பிக்கொண்டே செய்வார்கள், மறுநாள் கழுத்து வலி என்பார்கள். பயிற்சிதான் காரணம் என்று உன் தலையில் விழும். வாசலிலேயே க்ளிப்பை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு பின்னலாகப் போடச் சொல். மெட்டி பாயைக் கிழிக்கும், தாலிச் சங்கிலி முகத்தில் விழும். கழற்றச் சொல்லாதே, உள்ளே செருகி ஒரு பின் குத்திக்கொள்ளச் சொல். சுடிதார் போதும், துப்பட்டா மட்டும் வேண்டாம். டிராக் பேன்ட் வாங்கி வாருங்கள் என்று முதல் நாளே சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

சில கட்டாய எச்சரிக்கைகள். எலும்பு அடர்த்தி குறைவு என்று ஸ்கேனில் வந்தவருக்கு முதுகை முன்னால் வளைத்து உருளும் பயிற்சி கூடவே கூடாது, முதுகெலும்பு நொறுங்கக்கூடும். கர்ப்பிணிகளை மூன்று மாதம் தாண்டிய பிறகு நெடுநேரம் மல்லாந்து படுக்க வைக்காதே, டாக்டரின் சம்மதம் இல்லாமல் எதுவும் தொடங்காதே. பி.பி. உள்ளவர் மூச்சை அடக்கவே கூடாது. சர்க்கரை மாத்திரை போடுகிறவர் சாப்பிடாமல் வந்தால் வகுப்பு இல்லை, திருப்பி அனுப்பு. பையில் எப்போதும் நாலு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். காலில் திடீர் பலவீனம், சிறுநீர், மலம் கட்டுப்படவில்லை என்று ஒருவர் சொன்னால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்பு. இங்கே அண்ணாமலை நகரில் பெரிய ஆஸ்பத்திரியே இருக்கிறது.

பிரசவம் ஆகி வயிறு குறையவில்லை என்று வருகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். தொப்பைக்குத் தலையைத் தூக்கும் பயிற்சிதான் வேண்டும் என்று அவர்களே கேட்பார்கள். முதலில் படுக்க வைத்து, முட்டியை மடக்கி, தலையை லேசாகத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே விரலை வைத்துப் பார். நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளமாக இறங்கினாலோ, வயிறு நடுவில் கூம்பு மாதிரி எழும்பினாலோ தசை இன்னும் சேரவில்லை. அவருக்குத் தலை தூக்கும் பயிற்சி கெடுதல். பிலாட்டீஸில் முதலில் வருகிற, நூறு எண்ணிக் கை அடிக்கும் பயிற்சியையும் தலை தரையில் இருக்கவே செய்ய வை. சிசேரியன் என்றால் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் எதுவும்.

குணமாக்குகிறேன் என்று மட்டும் சொல்லாதே. நீ டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட்டும் இல்லை. முதுகு வலிக்குப் பிலாட்டீஸ் எவ்வளவு உதவும் என்று 2015-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஒன்று வந்தது. சும்மா இருப்பதைவிட மேல் என்று தெரிகிறது, ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட உசத்தி என்று சொல்லத் தெளிவான ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் சாரம். அதையே வருகிறவரிடமும் சொல். பொய் சொல்லி நாலு பேரைச் சேர்ப்பதைவிட, உண்மை சொல்லி ஒருத்தரை ஒரு வருஷம் வைத்துக்கொள்ளலாம்.

காசு பேசுவது

மாதக் கட்டணம் போடாதே, எட்டு வகுப்புக்கு ஒரு கார்டு போடு. ஆறு வாரத்துக்குள் முடிக்க வேண்டும், பணம் முன்னால். வராத வகுப்புக்கு, முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள் வாட்ஸ்அப்பில் சொன்னால் கழிக்க மாட்டேன், சொல்லாவிட்டால் கழிப்பேன். இந்த ஒரே விதியைக் கார்டின் பின்னாலேயே தமிழில் அடித்துக் கொடு. துக்க வீட்டுக்குப் போனவரிடம் மட்டும் விதி பேசாதே. ஊரில் ஒரு சாவு என்றால் உன் நாலு வகுப்பும் அன்று போகும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள். ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்ராவுக்கும் தேர் ஓடுகிற அன்று சிதம்பரத்தில் நான்கு வீதிப் பக்கமே போக முடியாது, அன்றைக்கு வகுப்பே வைக்காதே. நடவு, அறுவடை நாட்களில் ஆள் குறையும். ரம்ஜான் மாதத்தில் லால்பேட்டை பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு நேரத்தை மாற்றிக் கொடு அல்லது கார்டை ஒரு மாதம் நீட்டிக் கொடு.

தனியாக வரத் தயங்குகிறவர்கள் ஜோடியாக வருவார்கள். அக்கா தங்கை, நாத்தனார், பக்கத்து வீடு. இரண்டு பேர் சேர்ந்து வந்தால் ஆளுக்கு 250-க்குப் பதில் 160 வாங்கு. அவர்களுக்கும் குறைவு, உனக்கும் மணிக்கு 320. ஆனால் மூன்று பேருக்கு மேல் சேர்க்காதே. அப்புறம் அது தனி வகுப்பு இல்லை, உன் கண்ணும் எல்லார் முதுகிலும் இருக்காது.

தெரிந்தவர்களுக்கு இலவசம் கிடையாது. அத்தைக்கும் கார்டுதான். வேண்டுமானால் தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடு.

உன் பாதுகாப்பு

ஆண்களுக்கு எடுப்பதா வேண்டாமா என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்து போர்டில் போட்டுவிடு. என் அபிப்பிராயம், குமராட்சி மாதிரி இடத்தில் முதல் வருஷம் பெண்களுக்கு மட்டும் என்று இருப்பதுதான் தொழிலுக்கும் நல்லது. "பெண்களுக்கு மட்டும்" என்று எழுதியிருப்பதாலேயே வரப்போகிறவர்கள் நிறைய. வயதான ஆண்கள் கேட்டால் அவர்கள் வீட்டிலேயே, மனைவியோ மகளோ கூட இருக்கும்போது எடு.

தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கேள், பெண்ணாக இருந்தாலும். ஹாலுக்குள் கேமரா கூடாது. வேண்டுமென்றால் வாசலில் வைக்கட்டும். வகுப்பில் யார் போனிலும் வீடியோ எடுக்கக் கூடாது, உன் போன் உட்பட. "முன்பு, பின்பு" என்று போட்டோ போட்டு ஸ்டேட்டஸ் வைப்பது இங்கே ஒரு குடும்பத்தில் பெரிய சண்டையைக் கிளப்பும். உனக்கு விளம்பரம் உன்னிடம் வந்தவர் நேராக நடந்து போவதுதான். ஆம்புலன்சுக்கான 108-ம், பெண்களுக்கான 181-ம் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கட்டும்.

காகித வேலை சுருக்கமாக. சிறு தொழில்களுக்கான உதயம் பதிவு ஆதாரை வைத்து இணையத்திலேயே இலவசமாகச் செய்யலாம். பணம் கேட்கிற இணையதளம் எதுவும் அரசுடையது இல்லை. ஜி.எஸ்.டி. பயம் வேண்டாம், வருஷத்துக்கு 20 லட்சம் வரவு தாண்டினால்தான் அந்தப் பேச்சு. உன் கட்டணத்தில் அதற்கு எட்டாயிரம் வகுப்பு எடுக்க வேண்டும், எடுத்தால் எனக்கும் சொல், வந்து மாலை போடுகிறேன். பிலாட்டீஸ் என்ற பெயரைப் போர்டில் போடலாமா என்று கேட்டாய். அமெரிக்க நீதிமன்றமே 2000-ஆம் ஆண்டில் அது பொதுப் பெயர், யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லிவிட்டது, தாராளமாகப் போடு. கீழே கொட்டை எழுத்தில் "முதுகு, இடுப்பு, முட்டி வலுவுக்குத் தனிப் பயிற்சி" என்றும் போடு. யோகாவும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறாய் என்றால் ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றிதழ் வாரியத் தேர்வு ஒன்றை எழுதி வை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே யோகாவுக்குத் தனி மையம் இருக்கிறது, போய் விசாரி.

இந்த வாரம் நீ செய்ய வேண்டியது இரண்டு. பாய் விரித்துப் படுத்துப் பார்க்க மூன்று ஹால். கார்டுக்கு முன்பணம் கொடுக்கத் தயாராக இருக்கிற நாலு பேர். நாலு பேர் சேரும் வரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே. சேர்ந்ததும் போன் பண்ணு, முதல் நாள் வாளி தூக்கிக் காட்ட நானே வருகிறேன்.